எதிர்வீட்டு முதல் குடம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் தெருவில் 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். எதிர்வீட்டில் என் மச்சான் தண்ணீர் பில்டரைக் கழுவுகிறார் என்று அர்த்தம். மச்சான் என்றால் என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அவர் வாசலில், மீட்டருக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்துக்கு ஓர் எவர்சில்வர் உருளை நிற்கிறது. அதன் கைப்பிடியைத் திருப்பினால், ஒரு வாரமாக அது பிடித்து வைத்த சேறும் துருவும் பாய்ந்து லோங்காங்கில் விழும். அந்தக் கால்வாய் தெருவுக்கு அடியில் நுழைந்து எங்கள் வீட்டு ஓரமாகத்தான் போகிறது. ஆக, அவர் வீட்டு அழுக்கு என் வாசல் வழியாக ஊர்வலம் போகும். நான் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அதைப் பார்த்தபடி நிற்பேன்.

"பாத்தீங்களா மச்சான், எவ்ளோ அழுக்குன்னு. பில்டர் இல்லன்னா இதெல்லாம் வயித்துக்குள்ளதான் போயிருக்கும்லா" என்பார்.

யார் வயிற்றுக்குள் என்று அவர் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் பில்டர் கிடையாது.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றது. இப்போது ஈப்போவில் ஒரு கிடங்குக்குக் காவல், எங்கள் பேச்சில் ஜாகா வேலை. குளித்து விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாது. அடுத்தவன் பொருளைப் பார்த்து ஆசைப்பட்டதில்லை என்று சாமி முன்னால் நின்று சொல்லக்கூடியவனாகத்தான் இருந்தேன். அந்த உருளை வந்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

குடிக்கிற தண்ணீர் மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில், அபிஷேகத்துக்கு முதல் குடம் தண்ணீர் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். தோட்டத்தில் என் அப்பா பைப்புத் திறக்கிற வேலை பார்த்தார். லயத்து வீடுகளுக்கெல்லாம் அவர் கை திறந்த பிறகுதான் தண்ணீர் வரும். அதனால் அம்மனுக்கும் முதல் குடம் அவரே பிடித்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. தோட்டத்தை விற்று எங்களுக்கு இந்தத் தாமான் குடியிருப்பில் வீடு கொடுத்தபோது, அம்மனும் கூடவே வந்து மூலை நிலத்தில் உட்கார்ந்தாள். அப்பாவுக்குப் பிறகு அந்த முறை எனக்கு வந்தது.

திருவிழா அன்று விடிந்ததும் உருமி மேளத்தோடு ஆட்கள் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வருவார்கள். நான் ஈர வேட்டியோடு, கையில் காப்போடு, வாசல் குழாயைத் திறப்பேன். முதல் மூன்று கைத் தண்ணீரைப் பூமிக்கு விட்டுவிட்டுப் பிறகு குடத்தைப் பிடிப்பேன். தெருவே கைகூப்பி நிற்கும். மற்ற நாளெல்லாம் கிடங்கு வாசலில் காருக்குக் கார் சலாம் போடுகிற நான், அந்தக் கால் மணி நேரம் வேறு ஆள்.

மச்சான் தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு எதிர்வீட்டை வாங்கிக்கொண்டு வந்தார். வந்த வருடமே பில்டர். அவர் வீட்டில் தண்ணீர் கொடுத்தால் கண்ணாடிக் கிளாஸில்தான் கொடுப்பார்கள். கிளாஸ் காலியாக இருக்கிறதோ என்று சந்தேகம் வரும், அப்படி ஒரு தண்ணீர். நான் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா சப்புனு இருக்கு" என்பேன்.

அப்போது எங்கள் வீட்டுத் தண்ணீரும் மோசம் இல்லை. எங்கேயாவது பைப்பு வெடித்துச் சரி செய்தால் இரண்டு நாள் கலங்கி வரும், பிறகு தெளிந்துவிடும். எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். அதோடு, தண்ணீர் வெட்டு வந்தால் அடுப்படி காயக் கூடாது என்று, வீட்டில் உள்ள எல்லாக் குழாயையும் கூரைக்குக் கீழே இருக்கும் டேங்கியோடு சேர்த்துவைத்திருந்தேன். ஒரு தரம் தெரு முழுக்கத் தண்ணீர் இல்லை. எங்கள் வாசல் குழாயில் மட்டும் வந்தது. மச்சான் மனைவி வாளியோடு வந்து நின்றாள்.

"குடுத்து வச்சவங்கண்ணே நீங்க. ஊருக்கே வெட்டினாலும் உங்க பைப்பு மட்டும் ஊத்துதே."

அவள் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் தண்ணீர் திரும்பியபோது எங்கள் குழாயில் செம்மண்ணாக வந்தது. தெரு முழுக்கவும் அப்படித்தான் வந்தது என்பதை நான் நினைக்கவில்லை. அவள் வாயைத்தான் நினைத்தேன். கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன்.

ஆயர் தாவார் பக்கம் கழிப்புக் கழிக்கிற ஒரு பூசாரி இருந்தார். பஸ் ஏறிப் போனேன். குதிரை லாடம் ஒன்று, ஆணி ஏழு, எலுமிச்சை, மஞ்சள், கரித்துண்டு எல்லாம் சிவப்புத் துணியில் முடிந்து கொடுத்து, "வாசல்ல கட்டுங்க" என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தேன். கண் பட்டது ஆளுக்கில்லை, தண்ணீருக்கு. தண்ணீர் வீட்டுக்குள் நுழைகிற வாசல் எது? டேங்கிதானே. மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம் ஏணி போட்டு ஏறி, சீலிங் பலகையைத் தள்ளி, கற்பூரம் காட்டி, அந்தத் துணிக் கட்டை டேங்கிக்குள் இறக்கினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நாள் போகப் போகத் தண்ணீர் பழுத்தது. வெள்ளை வேட்டி மஞ்சளாகி, மஞ்சள் வேட்டி காவியானது. எதிர்வீட்டுக் கண் பலமான கண் என்று நினைத்தேன். ஒரு கட்டுப் பத்தவில்லை போல என்று, பழைய இரும்புச் சங்கிலித் துண்டு ஒன்றை நானே சிவப்புத் துணியில் முடிந்து, இரண்டாவதாகவும் உள்ளே போட்டேன்.

"என்ன மச்சான், உங்க வீட்டு பைப்புல தேத்தண்ணி வருதாம்லா? சீனி போட்டே வருதா, இல்ல நாமதான் போட்டுக்கணுமா?" என்று மச்சான் வேலியோரம் நின்று கேட்பார். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்துவேன்.

ஒரு நாள் காலைக் கோப்பி நன்றாக இருந்தது.

"என்னா, கோப்பி வாசமா இருக்கு. தூள் மாத்துனியா?"

"அதே தூள்தாங்க" என்று மனைவி அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

அலமாரிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஐந்து லிட்டர் போத்தல் இரண்டு. தம்பி வீட்டுத் தண்ணீர். எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமாச்சு. உங்களுக்கு இன்னிக்குத்தான் வாசம் வந்துச்சா?"

அதற்குப் பிறகு நான் எங்கள் தண்ணீரைத் தனியாகக் காய்ச்சி, தனிப் பிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொண்டேன். இரும்புச் சட்டியை நக்கின மாதிரி இருக்கும். அவள் எதிரிலேயே இரண்டு கிளாஸ் குடிப்பேன்.

போன வருடத் திருவிழாவில் வந்தது வினை. முதல் குடம் வழக்கம்போல என் வீட்டிலிருந்து போயிற்று. பித்தளைக் குடத்துக்குள் நிறம் தெரியாது. ஆனால் அபிஷேகம் முடிந்து சனங்கள் தீர்த்தத்தைப் பிளாஸ்டிக் போத்தலில் பிடித்தார்கள். பின்வரிசை அக்கா ஒருத்தி தன் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"என்னா இது, அம்மனுக்குத் தேத்தண்ணி ஊத்திட்டாங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். அகப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

இந்த வருடம் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கமிட்டில பேசினோம். இந்த வருஷம் முதல் குடம் எதிர்வீட்டுல பிடிக்கலாம்னு. பில்டர் தண்ணி, பாருங்க. அம்மனுக்குச் சுத்தமா இருக்கணும்ல."

"அம்மன் சொன்னாளா?" என்று கேட்டேன்.

"தண்ணி சொல்லுதேண்ணே" என்றார் அவர்.

அவர் போன பிறகு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். தேவாரம் சொல்ல உட்கார்ந்தவன், மச்சான் வீட்டு உருளை ஓட்டையாகிப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேளம் என் வாசலைத் தாண்டி எதிர்வாசலுக்குப் போவதும், அவர் ஈர வேட்டியோடு நிற்பதும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. மறுநாள் கிடங்கிலிருந்து தண்ணி ஆபீசுக்கு போன் போட்டேன். எதிர்வீட்டில் மோட்டார் வைத்து நல்ல தண்ணீரையெல்லாம் இழுக்கிறார்கள், வண்டல்தான் எங்களுக்கு வருகிறது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை மலாய்க்காரப் பிள்ளை ஒருவர் ஆபீஸ் சட்டையோடு வந்தார். முதலில் எதிர்வீட்டுக்குத்தான் போனார். மச்சான் கேட்டைத் திறந்து, பில்டர், பைப்பு, கொல்லைப்புறம் எல்லாம் காட்டினார். மோட்டார் இல்லை. என்னிடம் தெருவைக் கடந்து வந்து கேட்டார்.

"யாரு மச்சான் கம்ப்ளேன் குடுத்தது?"

"தெரியலயே" என்றேன். நெற்றியில் திருநீறு காயவில்லை.

அந்தப் பிள்ளை எங்கள் மீட்டர் பக்கத்து பைப்பு இணைப்பைக் கழற்றி ஒரு கிளாஸில் தண்ணீர் பிடித்தார். தெளிவாக இருந்தது. பிறகு வாசல் குழாயில் பிடித்தார். தேத்தண்ணி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மதில்மேல் வைத்துவிட்டு, மீட்டர் வரைக்கும் வருகிற தண்ணீர் எங்கள் பொறுப்பு, அதற்கு இந்தப் பக்கம் உங்கள் பொறுப்பு, பாக்சிக், அதாவது மாமா, டேங்கியைக் கழுவி எவ்வளவு காலமாச்சு என்று மலாயில் பணிவாகக் கேட்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். மச்சான் போகவில்லை.

"ஏணி எங்க இருக்கு? நான் ஏறிப் பாக்கறேன்."

"வேணாம் மச்சான். மேல வெயிலு தாங்காது."

"பரவால்ல."

"பாம்பு கீம்பு இருக்கும்."

"பாம்பு டேங்கித் தண்ணி குடிச்சா அதுக்குத்தான் ஆபத்து" என்று சொல்லிவிட்டு, என் மனைவி எடுத்துவந்த ஏணியில் ஏறிவிட்டார். எனக்கு இந்த வருடம் முட்டி வலி. ஏறி மறிக்கவும் முடியாது. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே மூடி நகர்கிற சத்தம். பிறகு, "அக்கா, ஒரு வாளி குடு" என்றார்.

வாளியில் இரண்டு கட்டும் இறங்கி வந்தன. துணி கறுத்துப் புழுத்துப்போய், லாடம் செதில் செதிலாக உதிர்ந்து, சங்கிலி ஒரே துருக்கட்டியாக இருந்தது. கொழகொழவென்று ஒரு சேறு. என் மனைவி இரண்டாவது கட்டை விரலால் புரட்டிப் பார்த்தாள்.

"இது என் ரவிக்கைத் துணியில்ல? வீடு பூரா தேடினேனே."

மச்சான் ஏணியை விட்டு இறங்கினார். கையெல்லாம் செம்பழுப்பு.

"இது யாருக்குக் கட்டினது மச்சான்?"

பொய் சொல்லியிருக்கலாம். காலையில் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. இடதுபக்கச் சுவரில் அம்மன் படம்.

"உங்க வீட்டுக் கண்ணுக்கு" என்றேன். "கம்ப்ளேன் குடுத்ததும் நான்தான்."

அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு கட்டு இருக்கே. ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் பொண்டாட்டிக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. கேட்டவரும் சிரிக்கவில்லை. ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க கட்டினது தப்பில்ல மச்சான். எனக்கு வயித்தெரிச்சல் உண்டு. தொழிற்சாலையில அத்தனை வருஷம் இருந்தும் ஒருத்தன் என்னை வாங்கன்னு சொன்னதில்ல. இங்க வந்தா, மேளம் உங்க வாசலுக்கு வருது. ஒவ்வொரு வருஷமும் கர்ட்டனை விலக்கிப் பாப்பேன். பில்டர் வாங்கினப்பவே, என்னிக்காவது நம்ம தண்ணிய கேப்பாங்களான்னுதான் நெனச்சேன். அக்காகிட்ட கேளுங்க."

என் மனைவி குனிந்து வாளியைத் தள்ளிவைத்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே குளிர்ந்தது. அந்த எவர்சில்வர்காரர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். கர்ட்டனுக்குப் பின்னால் நின்று பொறாமைப்பட்டார். இப்படிக் குளிரக் கூடாது, பாவம் என்று தெரியும். ஆனாலும் குளிர்ந்தது.

அன்று மத்தியானம் முழுக்க அவர் மேலே குந்தி உட்கார்ந்து, டேங்கியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான் கீழே நின்று வாளி வாங்கினேன். பத்து வாளிக்கு மேல் சேறு. எங்கள் அழுக்கும் அன்று லோங்காங்கில் போயிற்று. கட்டுகளை என்ன செய்வது என்று அவர் கேட்டார்.

"நீங்கதான் சாமி விசயம் தெரிஞ்சவரு. எரிக்கிறதா, ஆத்துல விடறதா?"

"ஓடற தண்ணியிலதான் விடணும்."

"ஆத்துல விட்டா, அது சுத்திக்கிட்டு மறுபடி நம்ம பைப்புக்குத்தானே மச்சான் வரும்?"

அதுவும் சரிதான். கொல்லையில் வாழைக்கடியில் குழி தோண்டிப் புதைத்து, மன்னிப்புக் கேட்டு ஒரு கற்பூரம் ஏற்றினேன். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

சாயந்தரம் வாசல் குழாயைத் திறந்தபோது தண்ணீர் கண்ணாடியாக வந்தது. மச்சான் ஒரு கை குடித்தார்.

"நான் தலைவர்கிட்ட சொல்லிடறேன். முதல் குடம் உங்க வீட்டுலயே இருக்கட்டும். இப்ப உங்க தண்ணியும் என் தண்ணியும் ஒண்ணுதானே."

தலைவர் வந்துபோன நாளிலிருந்து நான் கேட்க நினைத்த வார்த்தை. ஆனால் துருவும் அழுகல் எலுமிச்சையும் ஊறின தண்ணீரை அம்மன் தலையில் ஊற்ற நான்தான் பிடித்துக் கொடுத்தேன். அந்தக் கை அடுத்த வருடமே காப்புக் கட்டிக்கொண்டு நிற்கலாமா? பயமாக இருந்தது.

"வேணாம். இந்த வருஷம் உங்க வீட்டுலயே போகட்டும்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. அவர் இன்னொரு தரம் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். அவர் கேட்கவில்லை. முகம் அப்படி மலர்ந்துவிட்டது. கட்டைப் பற்றி அவர் இன்றுவரை வெளியே ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

திருவிழா அன்று மேளம் தெருமுனையில் கேட்டபோது என் கால் தானாக வாசல் குழாய்ப் பக்கம் போயிற்று. பிறகு நினைவு வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேளம் எதிர்வாசலில் நின்றது. மச்சான் புது மஞ்சள் வேட்டியை நனைத்துக் கட்டியிருந்தார். பில்டர் குழாயைத் திறந்தார், தண்ணீர் தெறித்தது, அப்படியே குடத்தைக் கொண்டு நீட்டினார்.

மூன்று கை பூமிக்கு விடவில்லை.

பதற்றத்தில் மறந்துவிட்டார். தலைவருக்கு அது தெரியாது. பூசாரி உடுக்கையோடு வேறு பக்கம் திரும்பியிருந்தார். எனக்கு மட்டும்தான் தெரியும். சும்மா இருந்துவிட்டால் அப்புறமாகக் கமிட்டியில் சொல்லலாம், முறை தெரியாத வீடு என்று. என் கை தானாக உயர்ந்தது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. குடத்தின் கழுத்து வரை தண்ணீர் ஏறுகிற மட்டும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு இது அவருக்குப் போகிற குடமில்லை, அவளுக்குப் போகிற குடம் என்று பட்டது. தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து மூன்று விரலைத் தூக்கிக் காட்டி, கையைக் கீழே கவிழ்த்தேன்.

மச்சான் பார்த்துவிட்டார். குடத்துத் தண்ணீரை அப்படியே பூமியில் சாய்த்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று கை. பிறகு குடம். நிரம்பின குடத்தைத் தூக்கிவிடும்போது என்னைப் பார்த்துத் தலையை ஒரு தரம் தாழ்த்தினார். சனங்கள் அவரைப் பார்த்துத்தான் கைகூப்பினார்கள்.

அபிஷேகம் முடிந்து எல்லாரையும் போல நானும் போத்தலில் தீர்த்தம் பிடித்து வந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. சன்னல் பக்கம் போய், போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு தூசியாவது இருக்கிறதா என்று. வேப்பிலைத் துணுக்கு ஒன்று மிதந்தது, அது சாமியுடையது. மற்றபடி ஒன்றும் இல்லை. சாமி படத்துக்கு முன்னால் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி இன்னொரு தரம் பார்த்தேன்.